பின்வாசல் சாவி

கோவை, சிறையிலிருந்து
16-6-2024

அனிதாவுக்கு அக்கா ரோஸ்மேரி எழுதறது.

ஆண்டவர் தயவுல உசிரோட இருக்கேன். முட்டி வலி தவிர ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீயும் புள்ளை தேஜஸ்ரீயும் எப்படி இருக்கீங்கன்னு எழுது. நாலு வருஷமா கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, ஈஸ்டருக்கு ஒண்ணுன்னு கார்டு போடறே. நான் ஒண்ணுக்கும் பதில் போடல. இன்னிக்கு எழுதறதுக்குக் காரணம் ஒரு சினிமா.

நேத்து டிவி ஹால்ல ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டாங்க, தமிழ்ல பேசறது. நீ எட்டாங்கிளாஸ் படிக்கறப்ப அப்பாவுக்குத் தெரியாம அவிநாசிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினனே, அதே படம். ஒரு கப்பல் மெக்கானிக்கை, செய்யாத கொலைக்குப் பன்னெண்டு வருஷம் உள்ள போட்டுருவாங்க. வெளிய வந்து, பொய் சொன்ன மூணு பேர்த்தையும் ஒவ்வொருத்தனாத் தேடிப் புடிப்பான். அன்னிக்கு நீயும் நானும் சீட்டு மேல ஏறி நின்னு கை தட்டினோம்.

நேத்துத் திருப்பிப் பார்க்கறப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பன்னெண்டு வருஷத்தை ஒரு பாட்டு ஓடற நேரத்துல முடிச்சுட்டாங்க அனிதா. தாடி வளருது, சுவத்துல கோடு போடறான், கதவு தொறக்குது, வந்துட்டான். முட்டி தேயறது இல்ல. அம்மா செத்த சேதியைக் கேட்டுட்டு, அன்னிக்கே தையல் மெஷின்ல போய் உக்கார்றது இல்ல. என்னடா படம் எடுத்தீங்கன்னு எழுந்து கத்தலாம்போல இருந்துச்சு.

ஆனா அவன் மொத ஆளோட சட்டையைப் புடிச்சுத் தூக்கறப்ப ஹால்ல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். எனக்கு அங்க தெரிஞ்சது உன்ற புருஷன் மூஞ்சி.

தமிழ்செல்வன்கிட்டச் சொல்லு. ஒம்பது மாசத்துல நான் வெளிய வர்றேன். இந்தக் கடுதாசியை இங்க படிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. படிக்கட்டும்.

ஒரே ஒரு கேள்வி. ஹாஸ்டல்ல தீப்பிடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் அவர் ஊட்டுக்கு வந்து உங்கிட்ட என்ன சொன்னார்? அதுக்கு மட்டும் பதில் எழுது.

தேஜஸ்ரீக்கு என்ற முத்தம்.

ரோஸ்மேரி


மண்ணரை, திருப்பூர்
30-6-2024

மாதா துணை.

என்ற அக்காவுக்கு அனிதா கைப்பட எழுதறேனுங்க. நீங்க சொகமா இருக்கோணும்னு தெனமும் ஜெபத்துல வேண்டறேன். இங்க நாங்க மூணு பேரும் இருக்கறமுங்க.

கவர்மேல உங்க எழுத்துதான்னு பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டேனுங்க அக்கா. கவரைப் பிரிக்காம ஒரு பொழுது பூராப் பைபிளுக்குள்ள வெச்சிருந்தேன். முட்டி வலிக்கு சுடுதண்ணி ஒத்தடம் குடுக்க அங்க வழி இருக்குதுங்களா? அம்மாவுக்கும் இதே வயசுலதான் ஆரம்பிச்சுது. தேஜஸ்ரீ ஒம்பதாவது போயிட்டா. உங்க ஒசரம் வந்துட்டா. கண்ணாடி போட்டிருக்கா. பெரிம்மா கடுதாசி போட்டிருக்காங்கன்னு சொன்னேன், எங்க காட்டுன்னா. அப்புறம் காட்டறேன்னுட்டேன்.

இங்க ஒரு வாரமா மழை. துணி காய மாட்டேங்குது.

அந்தப் படம் எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லீங்க. டிக்கெட் கிழிக்கறவர் நம்மளை மொறச்சது மட்டும் ஞாபகம் இருக்குது. படமெல்லாம் படந்தானுங்களே அக்கா. மனசுக்குள்ள போட்டுக் கொழப்பிக்காதீங்க. ரத்த அழுத்தம் ஏறிக்கும்.

அவரும் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார்.

உங்க தங்கச்சி,
அனிதா


கோவை, சிறை
14-7-2024

அனிதா,

நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருங்க.

அவரும் என்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரா? உனக்கு அதை எழுதறப்பப் பேனா நிக்கலையா? கோர்ட்டுல என்னைக் கேக்காதவரு, இப்பத் துணி காயாத மழையில கேக்கறாரா?

உனக்குப் படம் ஞாபகம் இல்லைன்னா போகட்டும். நடந்தது ஞாபகம் இருக்குதான்னு பார்க்கறேன். அவிநாசிபாளையம் ரோட்டுப் பனியன் கம்பெனி. நான் அங்க ஹாஸ்டல் வார்டன், உன்ற புருஷன் கட்டிங் சூப்பர்வைசர், சிவபிரகாஷ் மேனேஜர். பிள்ளைங்க பின்னாடி வழியா வெளிய போகுதுன்னு பின்வாசல் கிரில் கேட்டைப் பூட்டியே வெக்கச் சொன்னது சிவபிரகாஷ். ஹாஸ்டல் கீழ் அறையில பனியன் வேஸ்ட் துணியை மேல் வரைக்கும் அடுக்கி வெச்சதும் கம்பெனி. வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்த பேப்பர் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல.

அன்னிக்குக் காலைல ஒரு பிள்ளை வயித்து வலின்னு துடிச்சா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். நைட் ஷிப்ட் முடிச்ச பிள்ளைங்க தூங்கிட்டு இருந்தாங்க. நான் என்ன செஞ்சேன்? பின்வாசலைத் தொறந்து வெச்சேன். சாவியை ஆபீசுல சிவபிரகாஷ் மேசை மேல வெச்சேன். "நான் வர்ற வரைக்கும் பூட்டாதீங்க சார், உள்ள ஆள் இருக்குது"ன்னு சொன்னேன். பக்கத்துல கட்டிங் ரிப்போர்ட்டைக் கையில வெச்சுட்டு நின்னது யாரு? "நீங்க போயிட்டு வாங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னது யாரு?

பதினோரு மணிக்குத் தீ. நாப்பத்தஞ்சு பேர் முன்வாசல்ல வந்துட்டாங்க. ராமுத்தாய் கட்டில் பின்னாடி இருந்துச்சு. அவ பின்வாசலுக்கு ஓடினா. யாரோ திரும்பப் பூட்டியிருந்தாங்க. புகையிலேயே போயிட்டா. பதினெட்டு வயசு.

அடுத்த நாள் சாவி என்ற அலமாரில இருந்துச்சாம். கோர்ட்டுல உன்ற புருஷன் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தம்மா சாவியை இடுப்புல சொருகிட்டு பஸ் ஏறினதைக் கண்ணால பார்த்தேனுங்க." அந்தம்மா! அவர் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டுவிட்ட அக்கா, அந்தம்மா ஆயிட்டேன். ரெண்டு வருஷம் கேஸ் நடந்து, அந்த ஒரு வாய்ச்சொல்லுக்கு ஏழு வருஷம் தண்டனை, கழிவு போக அஞ்சு.

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. திருப்பிக் கேக்கறேன். அன்னிக்குச் சாயங்காலம் அவர் உங்கிட்ட என்ன சொன்னார்?

ரோஸ்மேரி


மண்ணரை
25-8-2024

மாதா துணை.

அக்காவுக்கு, உங்க ஒடம்பு தேவலைங்களா? பதில் போட நாளாயிருச்சு, கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பத்து நாளா காய்ச்சல். இப்ப எழுந்து நடமாடறேன்.

பதினஞ்சாந் தேதி மாதா திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே அம்மா கல்லறைக்கும் போனோம். ஓரத்துல வெடிச்சிருந்துச்சு. சிமெண்டு பூசச் சொல்லியிருக்கறேன். உங்க பேர் சொல்லியும் ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். தேஜஸ்ரீ கணக்குல எண்பத்தாறு. டீச்சர் ஆகோணும்ங்கறா.

அவருக்கு சரியாத் தூக்கம் இல்லீங்க அக்கா. சோறு எறங்க மாட்டேங்குது. டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறார்.

நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மாடில ஒரு ரூம் கட்டியிருக்கறமுங்க. தனி பாத்ரூம் இருக்குது. ஜன்னலைத் தொறந்தாக் காத்து வரும். உங்களுக்குத்தான் அது. வெளிய வந்ததும் நேரா இங்க வந்துருங்க. நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஒரு குடும்பமா இருக்கலாமுங்க.

அனிதா


கோவை, சிறை
5-9-2024

அனிதா,

காய்ச்சல் போயிருக்கும்னு நம்பறேன். கஞ்சி குடி.

அந்த ரூமை எப்பக் கட்டினீங்க? அவர் கட்டிங் சூப்பர்வைசர்ல இருந்து புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனாரே, அப்பறமாவா? இங்க வர்ற பொம்பளைங்க வழியா எனக்கு எல்லாச் சேதியும் வரும். பாதி மண்ணரை அந்தக் கம்பெனிக்குத்தானே வேலைக்குப் போகுது.

ஜன்னலைத் தொறந்தாக் காத்து வருமா? ராமுத்தாய்க்கு வரல.

நடந்தது நடந்துபோச்சுன்னு நீ எழுதறே. அதை நான் சொல்லோணும். செத்த பிள்ளையோட அம்மா சொல்லோணும். நீ யாரு அதைச் சொல்றதுக்கு?

வர்றேன். கண்டிப்பா வர்றேன். அந்தப் படத்துல மெக்கானிக் ரெண்டாவது ஆள் ஊட்டுக்கு விருந்தாளியாப் போவான். சாப்பாட்டு மேசையில எதிர எதிர உக்காருவாங்க. அவன் ஒண்ணும் பேச மாட்டான், கறியை மட்டும் துண்டு துண்டா வெட்டிக்கிட்டே இருப்பான். எதிர்ல இருக்கறவனுக்கு வேர்க்கும். நானும் அதேமாதிரி உன்ற ஊட்டுல உக்காருவேன். தெனமும் காலைல உன்ற புருஷன் எறங்கி வர்றப்ப எதிர்ல நிப்பேன். அவர் சாகற வரைக்கும் நிப்பேன்.

மூணாவது தடவையாக் கேக்கறேன். என்ன சொன்னார்? இதுக்குப் பதில் இல்லைன்னா இனிக் கடுதாசி வேண்டாம்.

ரோஸ்மேரி


மண்ணரை
8-12-2024

அக்காவுக்கு,

மூணு மாசமா எழுதி எழுதிக் கிழிச்சுட்டேனுங்க. நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேக்கறேன்.

அன்னிக்கு அவர் நாலு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துட்டார். சட்டையெல்லாம் கரி. நாற்காலியில உக்காராம சுவத்தோரமாக் கீழ உக்கார்ந்தார். "அக்கா சாவியைக் குடுத்துட்டுத்தான் போனாங்க. நான் பக்கத்துல இருந்தேன். சிவபிரகாஷ் சார்தான் பத்து நிமிஷத்துல போய்ப் பூட்டிட்டு வந்தார். நான் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன். போலீசுல போய்ச் சொல்லிடறேன்"னார். சொல்லிட்டு அழுதாருங்க. செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பவும் செஞ்சார்.

அப்ப சிவபிரகாஷ் கார்ல வந்து எறங்கினார். உள்ளகூட வரல. வாசல்லயே நின்னு சொன்னார்: "தமிழு, அந்த வேஸ்ட் மூட்டையெல்லாம் உன்ற செக்‌ஷன் மூட்டை. அங்க அடுக்கச் சொல்லி ரெஜிஸ்டர்ல கையெழுத்து உன்றது. வாயைத் தொறந்தா மொத ஆள் நீதான். யோசிச்சுக்க." போயிட்டார்.

அவர் அதுக்கப்புறமும் போறேன்னுதான் சொன்னாருங்க அக்கா. கதவைச் சாத்தினது நான். "நீங்க உள்ள போனா நானும் எட்டு வயசுப் பிள்ளையும் என்ன பண்றது? அக்காவுக்குப் புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. அவங்க தாங்கிக்குவாங்க"ன்னு சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீதான் இதைச் சொல்றயா?"ன்னார். ஆமான்னேன்.

கோர்ட்டுக்குப் போற அன்னிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்ததும் நான்தான்.

இதுதான் நீங்க கேட்டது. நீங்க அவர் மூஞ்சியை நெனச்சுக்கிட்டுக் கை தட்டினேன்னு எழுதினீங்களே, அன்னைலருந்து எனக்குத் தூக்கமில்ல. தப்பான மூஞ்சியை நெனச்சுட்டீங்க அக்கா.

அனிதா


கோவை, சிறை
19-12-2024

உன் கடுதாசி வந்துச்சு.

தேஜஸ்ரீயை ரெண்டு வயசுலருந்து எட்டு வயசு வரைக்கும் குளிப்பாட்டினது யாரு? நீ ஷிப்டுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் என்ற தோள்லதானே தூங்குவா? எனக்குப் பிள்ளை இல்லைன்னு உனக்கு யார் சொன்னது?

கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பாதே.


கோவை, சிறை
12-1-2025

அனிதா,

ஒடம்பு சொகந்தான். இங்க குளிர் இந்த வருஷம் ஜாஸ்தி.

மூணு வாரமா உன்ற கடுதாசியைத் தெனமும் படிச்சேன். தையல் கூடத்துல நேராத் தைக்க முடியல, எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். உன்னைக் கொல்லோணும்னு நெனச்சேன். அதை எழுதறதுக்கு வெக்கமில்ல. நெசமா நெனச்சேன். இத்தனை வருஷமா அவர்மேல வெச்சிருந்ததையெல்லாம் அப்படியே தூக்கி உன்மேல வெச்சுப் பார்த்தேன். உன்ற கழுத்துக்கு அது இன்னும் நல்லாப் பொருந்துச்சு.

அப்பறம் ஒரு நாள் அந்தப் படத்தைப் பத்தித் திரும்ப யோசிச்சேன். மெக்கானிக் உள்ள போனது ஒரு கொலைக்குத்தானே? செத்தவன் பேர் என்ன? எனக்குத் தெரியல அனிதா. சின்ன வயசுல ஒரு தடவை, இப்ப ஒரு தடவை, ரெண்டு தடவை பார்த்தும் தெரியல. செத்தவனோட அம்மா படத்துல வர்றதே இல்ல. அவளுக்கு யார் கொன்னாங்கன்னு கடைசிவரைக்கும் யாரும் சொல்லல. மெக்கானிக்குக்கு அவன் கணக்குத் தீர்ந்தாப் போதும்.

நானும் அவனாட்டமேதான் இருந்திருக்கேன். எனக்கு நடந்தது, எனக்கு நடந்ததுன்னே இருந்துட்டேன்.

ராமுத்தாயோட அம்மா பேர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கம், விலாசம் கம்பெனி ரெஜிஸ்டர்ல இருக்கும். தீர்ப்பு சொன்ன அன்னிக்கு வேன்ல ஏத்தறப்ப அந்தம்மா ஓடி வந்து, "எம் மகளப் பூட்டி வச்சுக் கொன்னவளே, நீ நல்லா இருப்பியா"ன்னு கத்துச்சு. நான் இல்லைம்மான்னு சொல்லக்கூட விடாம உள்ள தள்ளிட்டாங்க. இன்னிக்கும் அந்தம்மா என்னைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கும்.

நீயும் உன்ற புருஷனும் அங்க போகோணும். போய், எனக்கு எழுதினதை அப்படியே அந்தம்மா மூஞ்சியைப் பார்த்துச் சொல்லோணும். சாவி யார் கையில இருந்துச்சு, யார் பூட்டினது, யார் வாயைச் சாத்தினது, எல்லாம். கூடவே இதையும் சொல்லு: மத்த நாளெல்லாம் அந்தக் கேட்டைப் பூட்டினது இந்த ரோஸ்மேரிதான். மேனேஜர் சொன்னான்னு ரெண்டு வருஷம் பூட்டினேன். வேலை போயிருமேன்னு பூட்டினேன். அதை மறைக்காதே.

மாடி ரூமும் வேண்டாம், மெழுகுவத்தியும் வேண்டாம். நான் உங்கிட்டக் கேக்கறது இது ஒண்ணுதான். போகலைன்னா, மார்ச் மாசம் நானே அந்தம்மாவைக் கூட்டிட்டு உன்ற வாசலுக்கு வருவேன்.

ரோஸ்மேரி


மண்ணரை
9-2-2025

அக்காவுக்கு,

குளிர்ல முட்டி வலி எப்படி இருக்குதுங்க?

போயிட்டு வந்துட்டேனுங்க.

ரெண்டு பேரும்தான் கிளம்பினோம். உசிலம்பட்டி வரைக்கும் பஸ்சுல அவரும் வந்தார். எறங்கினதும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்கார்ந்துட்டார். "என்னால முடியாது அனிதா, கால் வரல"ன்னார். நான் ஒண்டியா ஷேர் ஆட்டோல போனேன்.

ஓட்டு வீடு. அந்தம்மா வாசல்ல ஒக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. திருப்பூர்லருந்து வர்றேன்னதும் கை நின்னுருச்சு. "எந்தக் கம்பெனி?"ன்னு கேட்டாங்க. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேனுங்க அக்கா. நீங்க மத்த நாள் பூட்டினதையும் சொன்னேன். பாதியில அழுகை வந்துச்சு. அந்தம்மா, "அழுகாம சொல்லு. எனக்கு வெளங்கணும்"னாங்க.

முடிச்சதும் உரிச்ச மொச்சையை ஓரமாத் தள்ளி வெச்சாங்க. அப்பறம் கேட்டாங்க, "அந்த மேனேசரு போய்ப் பூட்டையில எம் மக தூங்கிக்கிட்டா இருந்தா?"

"ஆமாங்க."

"தீப்பிடிச்சதும் அவன் ஓடி வந்து தொறக்கலாம்ல? சாவி அவன்கிட்டத்தான இருந்துச்சு?"

"அவர் அதுக்குள்ள கோயமுத்தூர் போயிட்டாருங்க. சாவி கார்ல இருந்துச்சாம்."

தலையை ஆட்டினாங்க. அப்பறந்தான் குரல் ஏறுச்சு. "ஏத்தா, ஏழு வருசமா வெள்ளி தவறாம ஒருத்திய வஞ்சிருக்கேன். அவ கண்ணு அவியணும், கை அழுகணும்னு வஞ்சிருக்கேன். அந்த வசவெல்லாம் இப்ப எங்க போகும்? யாரு எடுத்துக்குவா? நீ எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கறேனுங்க"ன்னேன்.

பளார்னு ஒண்ணு விட்டாங்க அக்கா. காது அடைச்சுப் போச்சு. "இங்க வந்து எங்கிட்டச் சொன்னாப் போதுமா? நான் என்ன கோர்ட்டா? எங்க பொய் சொன்னானோ அங்க போயி உண்மையச் சொல்லச் சொல்லு உம் புருசன"ன்னாங்க. வெளிய போன்னாங்க. நான் படி எறங்கறப்ப பின்னாலயே சொம்புல தண்ணி கொண்டாந்து, "குடிச்சிட்டுப் போ. வெயில்ல விழுந்து கிழுந்து வெக்காத"ன்னாங்க.

அவர்கிட்டச் சொன்னேன். கேட்டுக்கிட்டார். கோர்ட்டுக்குப் போறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

அனிதா


மண்ணரை
22-6-2025

அக்காவுக்கு,

நீங்க கோயமுத்தூர்ல சிஸ்டருங்க மடத்துத் தையல் கூடத்துல இருக்கறதா ஒச்சம்மா அம்மாதான் சொன்னாங்க. அங்க சாப்பாடு தங்கல் சவுகரியங்களா? மார்ச் மாசம் நீங்க வெளிய வந்த அன்னிக்கு நான் ஜெயில் கேட்டுக்கு எதிர்ல நின்னுட்டு இருந்தேன். நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டு வேற பக்கமாப் போய் பஸ் ஏறிட்டீங்க. பஸ் போற வரைக்கும் நான் அங்கயே நின்னேன்.

நடந்ததைச் சொல்லிடறேன். ஏப்ரல் கடைசில ஒச்சம்மா அம்மா, நான் சொல்லிட்டு வந்த விலாசத்தை விசாரிச்சுக்கிட்டு எங்க வாசலுக்கு வந்துட்டாங்க. கையில ராமுத்தாய் போட்டோ. சத்தம் போடல, ஏசல. "உம் புருசன் வரட்டும்"னு கேட்டோரமா நின்னாங்க. உள்ள வாங்கன்னேன், வரல. தண்ணி குடுத்தேன், வாங்கல. அவர் கம்பெனிக்குப் போறப்பவும் நின்னாங்க, வர்றப்பவும் நின்னாங்க. பொழுது சாஞ்சா சர்ச்சு மண்டபத்துல போய்ப் படுத்துக்கிட்டு, விடிஞ்சா வந்துருவாங்க. ரெண்டாம் நாள் தெருவே கூடிருச்சு. தேஜஸ்ரீ ஸ்கூல்லருந்து வந்து, "அந்தப் பாட்டி யாரும்மா? கையில யாரு போட்டோ?"ன்னு கேட்டா.

நான் பதில் சொல்றதுக்குள்ள அவர் சொன்னாருங்க. புள்ளையைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, அவர் வாயாலயே எல்லாத்தையும் சொன்னார். நான் கதவைச் சாத்தினதை மட்டும் சொல்லல. அதை நான் சொன்னேன். தேஜஸ்ரீ உள்ள போய், உங்க பழைய கடுதாசிகளையெல்லாம் பைபிள்லருந்து எடுத்துப் படிச்சா. அன்னைலருந்து எங்கிட்டப் பேசறதில்லீங்க.

மூணாம் நாள் காலைல அவர் ஒச்சம்மா அம்மாகூட நடந்தே வக்கீல் ஆபீசுக்குப் போனார். கையெழுத்துப் போட்டார். மாஜிஸ்திரேட் முன்னாடியும் சொன்னார். வேஸ்ட் அடுக்கினது தன்ற கையெழுத்துதான்னும் சொல்லிட்டார். போன வாரம் புது கேஸ் போட்டு சிவபிரகாஷையும் இவரையும் புடிச்சுட்டாங்க. கோயமுத்தூர் ஜெயில்லதான் வெச்சிருக்காங்க. உங்க தண்டனையை ரத்து பண்ணச் சொல்லி ஐகோர்ட்டுல மனு போடறதா வக்கீல் சொல்றார்.

உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஒரே ஒண்ணு கேக்கறேன், வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல. அவரைப் போய்ப் பார்க்கோணும். எப்படிப் போறது, என்ன கொண்டு போறது, ஒண்ணும் தெரியலீங்க அக்கா.

அனிதா


கோயமுத்தூர்
29-6-2025

அனிதா,

தங்கலும் சாப்பாடும் இங்க நல்லாத்தான் இருக்குது. முட்டிக்கு சிஸ்டர் ஒருத்தங்க தைலம் குடுத்திருக்காங்க. கோர்ட்டுக்கு வர்றப்ப ஒச்சம்மாள் ஒரு நாள் இங்க வந்து எங்கூடத் தங்குச்சு. "மத்த நாளு பூட்டுனியே"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். அதுக்கு மேல கேக்கல. காலைல ஒண்ணா டீ குடிச்சோம்.

நீ கேட்டதுக்கு எழுதறேன்.

ஆதார் கார்டு ஒரிஜினலும் ஜெராக்ஸும் எடுத்துக்க. எட்டு மணிக்கெல்லாம் அங்க இருக்கோணும், ஆளைப் பார்க்க மனு எழுதிக் குடுக்க வரிசை நீளம். மனுவுல அவங்கப்பா பேரைச் சேர்த்து எழுது, இல்லைன்னா வேற தமிழ்செல்வனைக் கூப்பிட்டுருவாங்க. ஊட்டுல சமைச்சது உள்ள விட மாட்டாங்க, செஞ்சு எடுத்துட்டுப் போய் வாசல்ல வெச்சுட்டு அழுகாதே. பிஸ்கட், பழம், துண்டு ஒண்ணு, பனியன் ரெண்டு. எது விடறாங்கன்னு மொதல்ல கேட்டுக்க, நாளுக்கு நாள் மாறும்.

நடுவுல கம்பி வலை இருக்கும். இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லாரும் கத்துவாங்க. மொதத் தடவை ரெண்டு பேரும் அழுதே நேரத்தை ஓட்டிருவீங்க. அதனால சொல்ல வேண்டியதைச் சீட்டுல எழுதிட்டுப் போ. தேஜஸ்ரீயை மொதத் தடவை கூட்டிட்டுப் போகாதே. ரெண்டாவது தடவை கூட்டிட்டுப் போ. அதுக்குள்ள அவர் சவரம் பண்ணிக்கிட்டு நிக்கப் பழகியிருப்பார்.

தேஜஸ்ரீ எனக்கு எழுதினா நான் பதில் போடுவேன். அவளுக்கு இந்த விலாசத்தைக் குடு. நீ எழுதாதே.

இதை மன்னிப்புன்னு நெனச்சுக்காதே. உன்னை நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. நாளைக்கும் எரியும். ஐகோர்ட்டு என்னை நிரபராதின்னு சொன்னாலும் எரியும்.

இதையெல்லாம் எதுக்கு எழுதறேன்னா, அறுபது மாசம் மனு நாள் தவறாம நான் காலைலயே குளிச்சு, தலை சீவி, நல்ல சேலையாப் பார்த்துக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாங்க. பன்னெண்டு மணிக்கு முடிஞ்சுது, போங்கன்னுருவாங்க. ஒரு நாள்கூட என்ற பேர் வரல. அம்மா இருந்த வரைக்கும் அவளால நடக்க முடியல. உனக்குக் கால் இருந்துச்சு.

மனு நாள் செவ்வாயும் வெள்ளியும். இந்த வெள்ளிக்கிழமையே போ.

ரோஸ்மேரி